லாரிப் பயணம்: எம்.பி.க்கு எப்படி எழுதுவது?

வணக்கம். சிங்கப்பூரின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி லாரியின் பின்புறத்தில் ஆள் ஏற்றக் கூடாது. வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு விதிவிலக்கு உண்டு. அந்த விதிவிலக்கை நீக்கச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஜனவரியில் மின்னஞ்சல் அனுப்பினேன். கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது. அப்புறம் அவர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கே போனேன். "உங்கள் சொந்தப் பிரச்சினை என்ன?" என்று தொண்டூழியர் கேட்டார். அமைச்சுக்கும் எழுதியாயிற்று.

2023 முதல் தொழிலாளர்களை ஏற்றும் லாரிகளில் மழைத்திரை கட்டாயம். சரி, நல்லதுதான். ஆனால் இருக்கையும் இல்லை, இருக்கைவாரும் இல்லையே! என் அக்கா மகன் தினமும் துவாஸ் தொழிற்பேட்டைக்கு அப்படித்தான் போகிறான்.

உறுப்பினருக்கு இப்போது எழுதியிருக்கும் கடிதம் ஒரு பக்கம், ஆங்கிலத்தில் இருக்கிறது. உறுப்பினர் இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்ப, கடிதத்தில் அவரிடம் குறிப்பாக என்ன கேட்க வேண்டும்?