பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம்: அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களின் அனுபவங்கள்

ரெட்மண்ட் அம்மா எழுதியது:

வணக்கம். எங்கள் மகள் வரும் செப்டம்பரில் 11ஆம் வகுப்புக்குச் செல்கிறாள். பள்ளியிலேயே ஏ.பி. பாடங்களை (கல்லூரித் தரத்தில் கற்பித்து, மே மாதம் பொதுத் தேர்வு வைக்கும் பாடங்கள்) எடுப்பதா, எங்கள் வாஷிங்டன் மாநிலத்தின் 'ரன்னிங் ஸ்டார்ட்' திட்டத்தின் வழியாகச் சமுதாயக் கல்லூரிக்கே (இரண்டாண்டுப் படிப்புகளை நடத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரி) சென்று படிப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. கல்லூரிக் கட்டணம் மிச்சமாகும் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு அப்பால் உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்பதை அனுபவத்திலிருந்து எழுத வேண்டுகிறேன்.

பெல்வியூ தகப்பன் எழுதியது:

எங்கள் மகன் 11, 12 ஆகிய இரண்டு வகுப்புகளிலும் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் சமுதாயக் கல்லூரியிலும் படித்தான். வாஷிங்டன் மாநிலம் 1990இல் சட்டம் இயற்றிக் கொண்டுவந்த இத்திட்டத்தில் பாடக் கட்டணத்தை மாணவர் செலுத்த வேண்டியதில்லை. புத்தகம், சிறு கட்டணங்கள், போக்குவரத்து ஆகியவை மட்டும் நம் பொறுப்பு. கல்லூரியில் ஒரு காலாண்டில் முடிக்கும் 5 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) பாடம், பள்ளிக் கணக்கில் ஓர் ஆண்டு முழுவதும் படித்த பாடத்துக்குச் சமமாக, அதாவது 1 கிரெடிட்டாக, ஏற்கப்படுகிறது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நாங்களும் ஆர்வம் கொண்டோம் என்றாலும், அவனுக்குக் கிடைத்த பெரிய பயன் வேறு.

முதல் காலாண்டில் அவன் எடுத்தது ஆங்கிலக் கட்டுரைப் பாடம். முதல் நாளிலேயே பேராசிரியர் பாடத்திட்டத் தாளைக் கொடுத்துவிட்டார். அடுத்த பத்துப் பதினொரு வாரங்களில் எந்தக் கட்டுரையை எந்தத் தேதியில் ஒப்படைக்க வேண்டும் என்பது முழுவதும் அதில் இருந்தது. அதன்பின் யாரும் நினைவூட்டவில்லை. நகரப் பேருந்துத் தடங்களைப் பற்றி அவன் எழுதிய முதல் வரைவு, இலக்கணத் திருத்தம் எதுவுமின்றி, 'இதை மறுப்பவர் யார்? அவருக்கு உன் பதில் என்ன?' என்ற கேள்வி மட்டும் ஓரத்தில் எழுதப்பட்டுத் திரும்பி வந்தது. பள்ளியில் நல்ல ஆங்கிலத்துக்காக முழு மதிப்பெண் வாங்கிப் பழகியவனுக்கு அது புதிது. பேராசிரியரின் அலுவலக நேரத்தில் நேரில் போய்ப் பேசி, கட்டுரையின் பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினான்.

வகுப்பில் பக்கத்து இருக்கையில் இருந்தவர் மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்கு வருபவர். இன்னொருவர் ராணுவத்தில் இருந்து திரும்பியவர். சொந்தப் பணத்தைக் கட்டிப் படிக்கும் அவர்கள் புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பதைப் பார்த்துத்தான் அவனும் கை உயர்த்தத் தொடங்கினான். வீட்டில் நாங்கள் எத்தனை முறை சொல்லியும் நடக்காத காரியம் அது.

பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்லூரியில் பதிவு செய்தவுடன், வயது 16 ஆக இருந்தாலும், கூட்டாட்சிச் சட்டப்படி அந்தக் கல்லூரிப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையதாகிவிடுகிறது. மதிப்பெண் விவரம் கேட்டு நான் தொலைபேசியில் அழைத்தபோது, மாணவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் பேச இயலாது என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். பள்ளிக்கூட இணையதளத்தில் பிள்ளையின் ஒவ்வொரு வீட்டுப்பாடத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு அது முதலில் உறுத்தும். என் வரையில் அதையும் பயன்களில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

டாலஸ் பொறியாளர் எழுதியது:

நான் மாணவியாக இருந்து பெற்றதை எழுதுகிறேன். டெக்ஸஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் இளங்கலை படித்தாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட், அரசியலமைப்பு, ஆட்சிமுறை ஆகியவற்றில் 6 கிரெடிட் முடிக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நான் பள்ளியில் எழுதிய ஏ.பி. அமெரிக்க வரலாற்றுத் தேர்வு அந்த முதல் 6 கிரெடிட்டையும் ஒரே வீச்சில் தீர்த்துவிட்டது; ஆங்கிலம், கால்குலஸ் (நுண்கணிதம்) ஆகியவற்றிலும் அவ்வாறே நடந்தது. கூட வந்த தோழிகள் சிலர் மூன்றே ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள். நான் நான்கு ஆண்டுகளும் தங்கினேன். மின்பொறியியல் மாணவர்களின் கால அட்டவணையில் மூச்சுவிட இடம் இருக்காது என்பார்கள். எனக்கு இருந்த இடத்தில் புள்ளியியலைத் துணைப் பாடமாக எடுத்துக்கொண்டேன், ஒரு பருவம் முழுவதையும் நிறுவனப் பயிற்சிக்கே ஒதுக்கினேன். இன்று நான் பார்க்கும் வேலை அந்தப் பயிற்சியின் வழியாக வந்தது. ஆகவே, 'சீக்கிரம் முடித்துவிடலாம்' என்பதை மட்டும் மனத்தில் வைத்துப் பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

நியூ ஜெர்சி கணக்கு ஆசிரியை எழுதியது:

ஏ.பி. கால்குலஸ் பாடத்தைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் விடையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். எட்டாம் வகுப்பிலேயே கணக்கு வகுப்புகளுக்கு அனுப்பிவிடுகிறோம் அல்லவா? ஆனால் மே மாதத் தேர்வின் விரிவான விடைப் பகுதி விடையை மட்டும் கேட்பதில்லை. ஓர் ஓட்டக்காரரின் திசைவேகத்தை நான்கைந்து நேரங்களுக்கு அட்டவணையாகக் கொடுத்துவிட்டு, இடையில் ஏதோ ஒரு கணத்தில் அவருடைய முடுக்கம் குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டுமா, காரணம் கூறுக என்பார்கள். மாணவர் சராசரி மாறுவீதத்தைச் சரியாகக் கணக்கிட்டு 'ஆம்' என்று எழுதிவிடுவார். சார்பு வகையிடத்தக்கது, ஆகவே தொடர்ச்சியானது, எனவே சராசரி மதிப்புத் தேற்றம் பொருந்தும் என்ற அந்த ஒரு வரியை எழுதாவிட்டால் காரணத்துக்கான புள்ளி கிடைக்காது. 'விடை சரிதானே, டீச்சர்?' என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சண்டைக்கு வருவார்கள். தேற்றம் எந்த நிபந்தனையில் நிற்கிறது என்று கேட்டுப் பழகுவதுதான் கல்லூரிக் கணிதத்தின் நுழைவாயில். அந்தப் பழக்கத்தோடு செல்பவர்கள் முதலாண்டில் தடுமாறுவதில்லை என்பதை, திரும்பி வந்து பார்க்கும் பழைய மாணவர்களிடம் தொடர்ந்து கேட்டு வருகிறேன்.

தேர்வில் 5க்கு 3 எடுத்தாலே டெக்ஸஸ், இலினாய் போன்ற மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கிரெடிட் தருகின்றன. பல தனியார் பல்கலைக்கழகங்கள் 4 அல்லது 5 கேட்கும்; டார்ட்மத், கால்டெக் போன்றவை ஏ.பி. மதிப்பெண்ணுக்குப் பட்டப் படிப்பில் கிரெடிட் தருவதே இல்லை. அங்கே போக நினைக்கும் மாணவரிடமும் இந்தப் பாடங்களை எடுக்குமாறே சொல்வேன். 2025இல் ஒரு தேர்வுக்கு 99 டாலர் என்பதால், பெயருக்காக ஏழெட்டுத் தேர்வுகளை எழுதுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

மருத்துவ மாணவரின் தாய் எழுதியது:

பிள்ளை மருத்துவத்துக்குச் செல்லக்கூடும் என்றால் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஏ.பி. தேர்வில் குறைந்த மதிப்பெண் வந்தால் அதைக் கல்லூரிக்கு அனுப்பாமலே இருந்துவிடலாம். சமுதாயக் கல்லூரியில் வாங்கும் கிரேடு அப்படியன்று; அது நிரந்தரமான கல்லூரிச் சான்றில் ஏறிவிடுகிறது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவை, பள்ளிப் பருவத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்களின் கிரேடுகளையும் சேர்த்தே ஜி.பி.ஏ. எனும் கிரேடு சராசரியைக் கணக்கிடுகிறது. என் மகளுக்கு இது நன்மையாக முடிந்தது: பதினாறு வயதில் அவள் கல்லூரியில் வாங்கிய ஏ கிரேடுகள், பின்னாளில் கரிம வேதியியலில் வந்த சறுக்கலை ஓரளவு ஈடுகட்டின. எனவே முதல் காலாண்டில் உங்கள் மகளுக்கு உறுதியாகக் கைவரும் பாடம் ஒன்றையோ இரண்டையோ மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

ரெட்மண்ட் அம்மா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கணக்கையும் இயற்பியலையும் பள்ளியில் ஏ.பி.யாகவும், ஆங்கிலத்தை மட்டும் கல்லூரியிலும் படிக்கலாம் என்று மகளே சொல்கிறாள். இதில் நடைமுறைச் சிக்கல் ஏதும் உண்டா?

பெல்வியூ தகப்பன் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம், எங்கள் மகனும் கணக்கைப் பள்ளியில்தான் படித்தான். ஒவ்வொரு காலாண்டுக்கும் பள்ளி ஆலோசகரிடம் சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆலோசகர்களுக்கு மாணவர்கள் நிறைய என்பதால் அதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். பள்ளி நடுப்பகலில் முடியும்படி பாட வேளைகளை அமைத்துத் தருமாறு இப்போதே கேட்டு வையுங்கள், இல்லையென்றால் பேருந்தில் போய்வரவே நேரம் சரியாகிவிடும். பள்ளி செப்டம்பர் தொடக்கத்தில் திறக்கும், கல்லூரி அந்த மாத இறுதியில்தான் திறக்கும். வசந்த விடுமுறையும் இரண்டுக்கும் ஒரே வாரத்தில் வருவது அரிது. ஊருக்கு டிக்கெட் எடுப்பதாக இருந்தால் இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.