புதுப்பிப்பு: தரக் கட்டுப்பாட்டிலிருந்து மெர்ச்சண்டைசிங்குக்கு மாறிவிட்டேன்

திருப்பூர் பனியன் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன், மெர்ச்சண்டைசிங்குக்கு (பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனத்தோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலை) எப்போது மாறலாம், அதற்கு வேறு கம்பெனி தேட வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

"இருக்கிற இடத்திலேயே கேளுங்க, ஷிப்மென்ட் நெருக்கடி முடிந்ததும் கேளுங்க" என்று ஈரோட்டு அண்ணன் ஒருவர் சொன்னதுதான் பலித்தது. முதலாளி உடனே சரி சொல்லவில்லை. என் இடத்துக்கு ஒருவரைப் பழக்கிவிட்டு மாறச் சொன்னார், அப்படியே செய்தேன்.

கிராஜுவிட்டி (வேலையை விட்டு விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) பற்றி எச்சரித்தவருக்குத் தனி நன்றி. பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் அது கிடைக்கும். ஒரே நிறுவனத்துக்குள் பொறுப்பு மாறினால் அந்தத் தொடர்ச்சி அறுவதில்லை. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கும் முக்கியமாகக் கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியை வைத்துத்தான். அதனால் பின்னால் வரும் உயர்வு பழைய ஆண்டுகளுக்கும் சேரும்.

எதிர்பாராதது ஒன்று: ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), துணிச் சுருக்கம், சாய வேறுபாடு பற்றி பையர் கேட்டால் யாரையும் விசாரிக்காமல் நானே பதில் எழுத முடிகிறது. பழைய வேலை இவ்வளவு கைகொடுக்கும் என்று நினைக்கவில்லை. சம்பளம் இப்போதைக்கு அதேதான். அடுத்த உயர்வில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.