'படிக நுண்ணறிவு' வேண்டாம், 'திரளறிவு' போதும்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

உளவியலாளர் ரேமண்ட் காட்டெல் 1943-இல் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத புதிரை அவிழ்ப்பது ஒன்று. படித்தும் பழகியும் சேர்த்துக்கொண்டது மற்றொன்று. இவற்றைப் 'பாய்ம நுண்ணறிவு', 'படிக நுண்ணறிவு' எனலாம் என்று நேற்று ஐயா எழுதியிருந்தார். வேதியியல் பாடத்துக்குப் பொருந்தலாம். ஒரு தாயிடம் இப்படிச் சொல்ல முடியுமா?

இங்கே மலேசியாவின் பட்டர்வொர்த்தில், புகுமுக வகுப்புப் (தமிழ்ப்பள்ளி முடித்தவர்கள் மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் முதலில் படிக்கும் வகுப்பு) பையன் ஒருவனுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருகிறேன். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்தவன். வரிசையில் விடுபட்ட வடிவத்தைக் கேட்டால், நான் தாளை மேசையில் வைப்பதற்குள் விடைமேல் விரலை வைத்துவிடுவான். மலாய்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதையே தமிழில் கேட்டால் எடுத்துக்காட்டோடு விளக்குகிறான். இவனைப் பற்றிய அறிக்கையில் 'படிக நுண்ணறிவு குறைவு' என்று எழுதினால் வீட்டில் 'நுண்ணறிவு குறைவு' என்பது மட்டும்தான் காதில் விழும். பதின்மூன்று வயதில் ஒட்டிய பெயர் எளிதில் உதிராது.

படிக நுண்ணறிவுக்குப் பதிலாக 'உறையறிவு' என்ற பரிந்துரையும் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், மங்கில் (மரத்தில் பால் வடியும் கிண்ணத்தில்) உறைந்துவிட்ட ரப்பர் பாலை மறுபடி வாளியில் ஊற்ற முடியாது. இந்த அறிவோ நடுவயதிலும் பெருகுவது. ஆகவே 'திரளறிவு' என்கிறேன். கடையக் கடைய வெண்ணெய் திரள்வதுபோல, முதல் திறனைக் கல்வியில் செலுத்தச் செலுத்த இரண்டாவது திரள்கிறது. காட்டெலின் முதலீட்டுக் கொள்கையும் இதுவே. முதலாவதற்கு 'மதிநுட்பம்' இருக்கிறது. "மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு" என்று வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்தார்.

*

கோலாலம்பூரிலிருந்து வந்த மறுமொழி:

அக்கா, திரளறிவை ஏற்கிறேன். மதிநுட்பத்துக்குப் பரிமேலழகர் 'இயற்கையாகிய நுண்ணறிவு' என்றல்லவா உரை எழுதுகிறார்? பிறவியிலேயே அளந்து கொடுத்தது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார். பதின்பருவம் நெடுக வளர்கிற திறன் அது. 'உய்த்தறிதிறன்' எப்படி?

*

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அந்த உரையை மறந்துவிட்டேன். உய்த்தறிதிறனே இருக்கட்டும். சான்றுகளிலிருந்து விதியைக் காண்பதும், விதியிலிருந்து முடிவுக்கு வருவதும் அதில் அடங்கிவிடுகின்றன. நம் கலைச்சொல் பட்டியலில் திரளறிவுக்கான விளக்கத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: எந்த மொழியில் சோதிக்கப்பட்டது என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும்.