பைபாஸ் அறுவையின்போது அளந்த இரத்த ஓட்டத்தை வைத்துப் பின்விளைவைக் கணிக்க முடியுமா?

கேள்வி – நீள்வாசகி

வணக்கம். என் தந்தையாருக்கு ஆறு வாரங்களுக்கு முன் மூன்று ஒட்டுக்குழாய்கள் பொருத்திப் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது நலமாக நடமாடுகிறார். அறுவை அறிக்கையில் ஒவ்வொரு குழாய்க்கும் நேரே இரத்த ஓட்டமும் துடிப்புக் குறியீடும் குறிக்கப்பட்டுள்ளன. மார்புத் தமனியிலிருந்து இதயத்தின் முன்பக்கத் தமனிக்குச் செல்லும் குழாயில் நிமிடத்துக்கு 34 மில்லி, குறியீடு 2.1. இடப்பக்கக் கிளைக்குச் செல்லும் சிரைக்குழாயில் 52 மில்லி, 1.8. வலது தமனிக்குச் செல்லும் சிரைக்குழாயில் மட்டும் 14 மில்லி, 4.6. ஆஞ்சியோகிராமில் முதல் இரண்டு தமனிகளிலும் அடைப்பு 90 விழுக்காட்டுக்கு மேல். வலது தமனியில் 60 விழுக்காடு.

ஓட்டம் 20 மில்லிக்குக் குறைந்தால் குழாய் விரைவில் அடைபடும் என்று படித்தேன். அப்படியானால் மூன்றாவது குழாய் வீண்தானா? ஓட்டத்தை அளப்பதால் விளைவைக் கணிக்க முடியுமென்றால், அறுவைக்கு முன்பே எல்லோருக்கும் ஏன் அளப்பதில்லை?

பதில் – ஓட்டமானி

இதய அறுவை அரங்கில் பணியாற்றுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். தங்கள் தந்தையாரை நேரில் பார்த்த மருத்துவரின் கருத்தே முதன்மையானது.

ஒட்டுக்குழாயைச் சுற்றி ஒரு சிறு உணர்கருவியைப் பிடித்து, மீயொலியை இரத்தம் ஓடும் திசையிலும் அதற்கு எதிர்த்திசையிலும் செலுத்துவோம். போக்கோடு செல்லும் ஒலி சற்று முன்னதாகவும், எதிர்த்து வரும் ஒலி சற்றுத் தாமதமாகவும் சேரும். அந்த நேர வேறுபாட்டிலிருந்து ஓட்டம் கணக்கிடப்படுகிறது. துடிப்புக் குறியீடு என்பது ஒரு துடிப்புக்குள் காணும் உச்ச ஓட்டத்துக்கும் தாழ்ந்த ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சராசரி ஓட்டத்தால் வகுத்து வருவது. சராசரி 20 மில்லிக்குக் கீழும் குறியீடு 5-க்கு மேலும் இருந்தால் தையலில் கோளாறு இருக்கலாம் என்று ஐயுற்று, மார்பை மூடுவதற்கு முன் மீண்டும் பார்ப்பது வழக்கம். இவ்வாறு அளப்பதை வழக்கமாக்குவது பற்றிக் கருத வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது.

வகுக்கும் எண் சராசரி ஓட்டம் என்பதால், ஓட்டம் குறையும்போது குறியீடு தானாகவே ஏறும். ஆகவே 14, 4.6 ஆகிய இரண்டையும் தனித்தனிச் சாட்சிகளாகக் கொள்ளக்கூடாது.

குறைந்த ஓட்டத்துக்குத் தையல் கோளாறு ஒரு காரணம் மட்டுமே. அளந்த நேரத்தில் இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம். குழாய் இறுகிச் சுருங்கியிருக்கலாம். அது சென்று சேரும் தமனி சிறியதாகவோ, பழைய மாரடைப்பால் தழும்பான தசைக்குச் செல்வதாகவோ இருக்கலாம். தாங்கள் குறிப்பிட்ட 60 விழுக்காடு இன்னொரு காரணத்தைச் சுட்டுகிறது. இயற்கைத் தமனி வழியே இன்னும் கணிசமான இரத்தம் வருவதால், புதுக் குழாய் அதனோடு போட்டியிட வேண்டியுள்ளது. இந்த ஐயத்தைத் தீர்க்க, இயற்கைத் தமனியைச் சில நொடிகள் இறுக்கிவிட்டு மீண்டும் அளப்பதுண்டு. அறிக்கையில் அப்படிக் குறிப்பு உள்ளதா என்று பாருங்கள்.

பதில் – எண்கணக்கன்

மருத்துவப் புள்ளியியல் நோக்கில் சிலவற்றைச் சேர்க்கிறேன். கற்பனையாக 1000 குழாய்களை எடுத்துக்கொள்வோம். அவற்றில் 30 குறையுள்ளவை; அளவீடு அவற்றில் பாதியைப் பிடிக்கிறது; நல்லவற்றில் பத்தில் ஒன்றையும் தவறாகச் சுட்டுகிறது. அப்போது சுட்டப்பட்டவை ஏறத்தாழ 112, அவற்றில் உண்மையிலேயே குறையுள்ளவை 15. பெரும்பாலான குழாய்கள் நன்றாகவே அமைவதால், எச்சரிக்கைகளில் பெரும்பகுதி பொய்யாகத்தான் முடியும்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மோசமான எண்ணைக் கண்டதும் அறுவை மருத்துவர் தையலைத் திருத்திவிடுகிறார்; பதிவேட்டில் எஞ்சுவது திருத்தப்பட்டவையும் ஐயத்துக்கு இடமில்லாதவையுமே. அளவீடு தன் வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய, அதன் கணிப்புத்திறன் தரவில் மங்கித் தெரியும். மேலும், அறுவையைத் தொடர்ந்த இறப்பு அபாயத்தைக் கணிக்கும் யூரோஸ்கோர் 2 வயது, சிறுநீரகச் செயல்பாடு, இதயத்தின் இறைக்கும் திறன் போன்றவற்றைக் கேட்கிறது, ஓட்டத்தைக் கேட்பதில்லை. அது அறுவைக்கு முன் போடும் கணக்கு என்பதும் ஒரு காரணம்.

பதில் – அடினோசின்

இரண்டாவது கேள்விக்கு: அறுவைக்கு முன்பும் அளக்கிறார்கள், ஆனால் நோக்கம் வேறு. எஃப்.எஃப்.ஆர். என்னும் சோதனையில், அடினோசின் என்னும் மருந்தைக் கொடுத்து இதயத்தின் நுண்குழாய்களை விரியச் செய்து, அடைப்புக்கு அப்பாலுள்ள அழுத்தத்தை முன்னுள்ள அழுத்தத்தோடு ஒப்பிடுவர், 0.80 அல்லது அதற்குக் கீழென்றால் அடைப்பு இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். அளக்கப்படுவது அழுத்தமே, ஓட்டம் அதிலிருந்து ஊகிக்கப்படுகிறது.

2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓட்டத்தைத் தடுக்காத அடைப்புகளைத் தாண்டிப் பொருத்திய குழாய்களில் 21.4 விழுக்காடு ஓராண்டில் அடைபட்டிருந்தன. தடுக்கும் அடைப்புகளில் அது 8.9 விழுக்காடு. ஓட்டமானி சொன்ன போட்டிக்கு இது சான்று. ஆயினும் எஃப்.எஃப்.ஆர். அளவீட்டை வழிகாட்டியாக வைத்து அறுவை செய்த, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சிறிய ஆய்வுகளில் குழாய்கள் திறந்திருக்கும் விகிதம் கூடவில்லை. தேவையற்ற குழாய் அடைபட்டாலும் இயற்கைத் தமனி தசையைக் காப்பாற்றிவிடும் என்பதால், குழாயின் கதியும் நோயாளியின் கதியும் ஒன்றல்ல என்பதே என் எண்ணம்.

நீள்வாசகி

மூவருக்கும் நன்றி. ஓட்டமானி ஐயா சொன்னபடி தேடியதில், "வலது தமனியை இறுக்கியபோது 31" என்று கையால் எழுதிய குறிப்பு ஒன்று ஓரத்தில் இருந்தது.

ஓட்டமானி

அப்படியானால் தையலில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. 14 என்பது போட்டியின் எண்ணாகவே தோன்றுகிறது. மிதமான குறுக்கத்தை இந்தக் கருவி காட்டாமல் விடுவதுண்டு என்பதால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அறிக்கையோடு ஆஞ்சியோகிராம் படத்தையும் அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். ஆஸ்பிரினையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதிருக்கச் செய்யுங்கள். சிரைக்குழாய்களுக்கு அவை மிகவும் தேவை.