‘இங்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க’: உங்களுக்கும் நடந்ததா?

தளி ராகிக்களி

போன மார்கழியில் அப்பாவுக்கு நெஞ்சுவலி, விடிகாலை நேரம். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அட்டாக்தான் என்றார்கள், ஆஞ்சியோ செய்கிற டாக்டர் காலையில்தான் வருவார், காத்திருக்க வேண்டாம், பெங்களூர் போய்விடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மனை விற்கிறவன் போர்டில் ஓசூரே பெங்களூருக்குப் புறநகர்தானே, சரி என்று மாநில எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளி தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். கவுன்டரில் முதல்வர் காப்பீட்டு அட்டையை நீட்டினேன். அங்கிருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் காட்டினான், அவள் தலையை ஆட்டினாள், இரண்டு விரலால் அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு “இது இல்லி நடெயல்ல சார், அட்வான்ஸ் கட்டி” என்றான், இங்கே செல்லாதாம், முன்பணம் கட்ட வேண்டுமாம். அப்பா வீல்சேரில் உட்கார்ந்தபடி நான் யார் யாருக்கோ போன் போட்டுப் பணம் கேட்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் தமிழ்நாட்டுக்குள் 5 லட்சம் வரை செல்லுகிற அட்டையை எச்சில் இலையைத் தள்ளுகிற மாதிரி தள்ளிய அந்த இரண்டு விரல் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

அஞ்செட்டிப் பையன்

அண்ணா, உங்களுக்காவது அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர். எங்களுக்குத் தேன்கனிக்கோட்டை போவதற்கே காட்டைத் தாண்ட வேண்டும்.

அக்காவுக்குத் தலைப்பிரசவம். இங்கே வலி எடுத்ததும் பார்த்துவிட்டு பிரஷர் ஏறுகிறது, ஆபரேஷன் ஆகலாம், மயக்க மருந்து டாக்டர் இங்கே கிடையாது என்று 108-இல் ஏற்றிவிட்டார்கள். பாதிக் காட்டில் வண்டி நின்றது. ரோட்டில் யானை, குட்டியோடு. டிரைவர் லைட்டை அணைத்தார், இன்ஜினையும் அணைத்தார், “சத்தம் மட்டும் வேண்டாம்மா” என்றார். வலியில் இருக்கிறவளிடம்! அக்கா துண்டை வாயில் திணித்துக்கொண்டாள். அம்மா அவள் காலைப் பிடித்திருந்தாள். வண்டிக்குள் எங்கள் மூச்சும் வெளியே மூங்கில் ஒடிகிற சத்தமும்தான். எவ்வளவு நேரம் நின்றோம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறோம்.

குழந்தை வண்டியிலேயே பிறந்தது. 108-இல் கூட வந்த அண்ணன்தான் பிரசவம் பார்த்தார், அவர் நல்லா இருக்கணும். பெண் குழந்தை.

பென்னாகரம் கொள்ளுப்பருப்பு

எல்லோரும் ‘இங்கே ஒன்றுமே இல்லை’ என்று எழுதுவதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. என் தம்பியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அம்மா ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு மேசைமேல் வைத்து, 20 நிமிஷம் யாரும் தொடக்கூடாது என்றார். நாங்கள் எல்லோரும் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எடுத்துச் சாய்த்தார். உறையவே இல்லை, அப்படியே ஓடியது. உடனே விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், யாரையும் குறை சொல்ல முடியாது.

சிக்கல் அதற்கப்புறம்தான். சிறுநீர் நின்றுபோய் டயாலிசிஸ் என்று வந்ததும் ஒவ்வொரு இடமாக மேலே மேலே அனுப்பினார்கள். ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும், எந்தப் பாம்பு, எத்தனை மணிக்கு, கட்டுப் போட்டீங்களா, யார் போடச் சொன்னது. மூன்றாவது இடத்தில் தம்பியே, “அண்ணா, நீ சொல்லு, எனக்கு வாய் வலிக்குது” என்றான்.

அப்புறம் அஞ்செட்டி தம்பி, உங்களுக்கு ரோடாவது இருக்கிறது. எங்கள் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல் என்றால் ஓட்டு மெஷினே கழுதை மேல்தான் ஏறும். அந்தப் பாதையில் பிரசவ வலிக்காரியை எப்படி இறக்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அஞ்செட்டிப் பையன்

ரோடு இருக்கிறதுண்ணா, நான் இல்லை என்று சொல்லவில்லை. யானையும் அதே ரோட்டில்தான் வருகிறது.

தொப்பூர் டீக்கடை

தளி நண்பருக்கு ஒன்று சொல்கிறேன், வயிறு எரியும். இங்கே கணவாய் இறக்கத்தில் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் போய் இடிக்கும். இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் வந்த பிறகு, தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரத்துக்கு அடிபட்டவன் எந்த மாநிலம், எந்த நாடு என்று கேட்பதில்லை. அட்டையும் வேண்டாம். போன மழையில் கர்நாடகா நம்பர் லாரி கவிழ்ந்தபோது டிரைவரைக் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்தோம், இடது கையில் கடிகாரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ‘துட்டு இல்ல, துட்டு இல்ல’ என்று அதையே கழற்றிக் கொடுக்கப் பார்த்தான். வேண்டாம்யா, இங்கே இலவசம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த ஊர்க்காரனுக்கு இங்கே இப்படி. நம் ஆளுக்கு அங்கே இரண்டு விரல்.

அரூர் மருமகள்

என் மாமியாருக்குச் சுகர். மக்களைத் தேடி மருத்துவம் அக்கா மாதாமாதம் வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிடுவார், நல்ல திட்டம், 2021-இல் நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தானே ஆரம்பித்தார்கள். ஒரு நாள் அத்தை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், கட்டை விரலுக்குக் கீழே கறுப்பாக இருந்ததை அந்த அக்காதான் முதலில் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். மாத்திரைப் பெட்டியை மூடிவிட்டு, “நாளைக்குன்னு வைக்காதீங்க, இன்னைக்கே போயிடுங்க” என்றார். எங்கே போவது? கால் புண்ணுக்கென்று இருக்கிற டாக்டர் சேலத்தில். இரண்டு பஸ். விரலை எடுத்துவிட்டார்கள். மாத்திரை வீட்டுக்கு வருகிறது, டாக்டர் வரமாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

சிஸ்டர்னே கூப்பிடுங்க

நானும் இந்தப் பக்கத்தில்தான் செவிலியர், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. ‘எழுதிக் கொடுத்துட்டாங்க’, ‘மேலே அனுப்பிட்டாங்க’ என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். ராத்திரி ட்யூட்டியில் நானும் ஒரு டாக்டரும்தான். அனுப்பினால் தட்டிக் கழிக்கிறார்கள் என்பீர்கள், வைத்துக்கொண்டு ஏதாவது ஆனால் கண்ணாடியை உடைப்பீர்கள்.

என் கதை சின்னது. ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வந்தார், தானே ஓட்டி! நெஞ்சுவலிக்காரரை மேலே அனுப்பும் முன் இதயம் காப்போம் திட்டப்படி கொடுக்கிற 14 மாத்திரையை எண்ணி உள்ளங்கையில் வைத்தேன். “இத்தனையும் தின்னா நெஞ்சுவலி இல்லாதவனும் செத்துப்போவாம்மா” என்றார். கெஞ்சி விழுங்க வைத்து வண்டி ஏற்றினேன். பிழைத்தாரா என்று தெரியாது, அதுதான் உறுத்துகிறது. அனுப்புகிற எங்களுக்கு யாரும் திரும்பிச் சொல்வதில்லை.

இப்போது கவனியுங்கள். மேலே அனுப்பினால் சீட்டு இல்லாமல் கிளம்பாதீர்கள், அதில் என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள், பென்னாகரத்தார் மாதிரி ஒவ்வொரு இடத்திலும் கதை சொல்ல வேண்டாம். ஈ.சி.ஜி. தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தாள் வெயில் பட்டால் மங்கிவிடும். சாப்பிடுகிற மாத்திரையின் அட்டையையே எடுத்துப் போங்கள், ‘வெள்ளை மாத்திரை, சின்னது’ என்றால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றும் ஒரே கவரில் இருக்கட்டும். காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், வருஷ வருமானம் 1,20,000-க்குள் என்றால் வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கிக் கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்தில் எடுத்துவிடுங்கள், வியாதி வந்த பிறகு ஓடாதீர்கள். பாம்புக்கடிக்குக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். தர்மபுரியில் மெடிக்கல் காலேஜ் 2008-இல் வந்தது, கிருஷ்ணகிரியில் 2022-இல் வந்தது, எடுத்தவுடன் பெங்களூர் என்று ஓடாமல் முதலில் அங்கே கேளுங்கள்.

தளி ராகிக்களி

சிஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் தளியிலிருந்து கிருஷ்ணகிரி தூரமா பெங்களூர் தூரமா என்று மேப்பை எடுத்து ஒருமுறை பாருங்கள். நெஞ்சுவலிக்காரரை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போகச் சொல்கிறீர்கள்.

அரூர் மருமகள்

சிஸ்டர், அந்த 14 மாத்திரை துணை சுகாதார நிலையத்திலும் கிடைக்குமா?

சிஸ்டர்னே கூப்பிடுங்க

கிடைக்கும்மா, திட்டத்தில் அதுவும் உண்டு. பூட்டியிருந்தால் கதவில் கிராம செவிலியர் நம்பர் எழுதியிருக்கும், கூப்பிடுங்கள்.

அரூர் மருமகள்

எங்கள் ஊரில் அந்த நம்பர் மேல் தேர்தல் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். நாளைக்குத் தண்ணீர் தெளித்து உரித்துப் பார்க்கிறேன்.