டெஸ்கோவாகிப் போன மைதானம்: பழைய ரக்பி லீக் திடல்களில் உங்கள் அனுபவம் என்ன?

விகன் டாக்டர்

எங்கள் ஊர் வட இங்கிலாந்தில் விகன். இங்கே ஒரு டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. பால், முட்டை வாங்க வாரத்துக்கு இரண்டு தடவையாவது போவேன். 1902 முதல் 1999 வரை அந்த இடம்தான் சென்ட்ரல் பார்க், விகன் ரக்பி லீக் அணியின் மைதானம். என் வயதுக்காரர் யாரையாவது அங்கே கண்டால் இரண்டு நிமிடத்தில் பேச்சு அதில்தான் போய் நிற்கும். கோல் கம்பம் பால் வைத்திருக்கிற பக்கம் என்பார் ஒருவர். இல்லை, வெளியே கார் நிறுத்துகிற இடம் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் ஒரே இடத்தைக் காட்டி இதுவரை நான் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தது 1987இல். கால்பந்து மைதானப் பக்கம் தனியாகப் போகவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தக் காலத்தில் அங்கே அடிதடியும் நிறவெறிக் கூச்சலும் சாதாரணம். ரக்பி என்றால் எனக்குத் தெரிந்தது கொழும்புப் பள்ளிக்கூடங்கள் ஆடுகிற பதினைந்து பேர் ஆட்டம்தான். பதின்மூன்று பேர் ஆடுகிற ரக்பி லீக் என்று தனியாக ஒன்று உண்டு என்பதை வார்டில் படுத்திருந்த ஒரு ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிதான் சொல்லித் தந்தார். சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை ஆடப்போனால் சம்பளம் போய்விடும். அந்த நஷ்டத்தைக் கிளப்புகள் ஈடுகட்டக் கூடாது என்று ரக்பி மேலிடம் பிடிவாதம் பிடித்தது. 1895இல் வடக்கத்திக் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, போங்கடா என்று தனிக்கடை போட்டன. ஊசி போடவிடாமல் இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

அவர் வீட்டுக்குப் போன பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 7, புதன்கிழமை இரவு, நானும் போனேன். சிட்னியிலிருந்து மேன்லி அணி வந்திருந்தது. 36,895 சனம். வேலையால் நேரே போனதால் என்னிடம் மெல்லிய கோட்டுதான். விறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய், காகிதக் கோப்பையில் ஆவி பறக்க எதையோ வாங்கி வந்து கையில் தந்தார். கறுப்பாக, உப்பு வாசனையோடு இருந்தது. என்ன என்று கேட்டேன். போவ்ரில் என்றார். அப்படியென்றால்? மாட்டிறைச்சிச் சாறு. நான் சைவக்காரன் என்று அந்தச் சத்தத்தில் எப்படி விளக்குவது? நன்றி சொல்லிவிட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து அங்கிள் ஜோஸ் மின்ட் பால் ஒன்றை எடுத்து நீட்டினார். எங்கள் ஊர் புதினா மிட்டாய். அதை வாயில் போட்டுக்கொண்டேன்.

அன்று ஒரு ட்ரை கூட, அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து எடுக்கிற புள்ளி, விழவில்லை. எல்லாப் புள்ளியும் பெனால்டி உதைதான். 8-2, விகன் ஜெயித்தது. ட்ரை இல்லாத ஆட்டத்துக்கு இவ்வளவு கத்த முடியுமா என்று இருந்தது. விகனுக்கு ஆடிய எல்லரி ஹேன்லி கறுப்பர். அவர் கையில் பந்து போனால் மொத்தச் சனமும் நிமிரும். அதற்கும் முன்னால் 1953 முதல் 1968 வரை பில்லி பாஸ்டன் என்று ஒருவர். கார்டிஃபில் பிறந்தவர், தகப்பன் சியரா லியோன்காரர். விகனுக்காக 478 ட்ரை. ஊர் நடுவில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2025இல்தான் சர் பட்டம் வந்தது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அதுவே முதல் தடவை. என்னை ஏன் அந்தக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், நைட் டியூட்டி இல்லாத ஆட்டத்துக்கெல்லாம் அதே இடத்தில், அதே பெரியவர் பக்கத்தில் நின்றேன். கடைசி ஆட்டம் 1999 செப்டம்பர் 5, செயின்ட் ஹெலன்ஸோடு. 28-20. முடிந்ததும் கை கொடுத்தோம். "அங்கே பார்க்கலாம்" என்றார்.

அங்கே என்றால் புது ஸ்டேடியம். 25,000 இருக்கை, நல்ல கட்டடம், மழை படாது. டிக்கெட்டில் வரிசை எண், இருக்கை எண் எல்லாம் அச்சடித்திருந்தது. அவருக்கு எந்த எண் கொடுத்தார்களோ தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை என்பது அன்று இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஒட்சல் பள்ளம்

டாக்டர் ஐயா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

நான் மதுரை. 2004இல் பிராட்ஃபர்டுக்குப் படிக்க வந்தேன். அறை நண்பன் "டெரஸில் நின்று பார்க்கலாம் வா, டிக்கெட் குறைவு" என்றான். டெரஸ் என்றால் நமக்கு மொட்டை மாடி. யாரோ வீட்டு மாடியிலிருந்து ஓசியில் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போனால் தெப்பக்குளத்தில் தண்ணீரை வற்றவிட்டுச் சுற்றிலும் படியில் ஆளை நிறுத்தின மாதிரி ஒரு பள்ளம். அதுதான் ஒட்சல். கல் வெட்டின குழி, அப்புறம் ஊர்க் குப்பை கொட்டின இடம். அதைச் சமன்படுத்தி 1934இல் மைதானமாகத் திறந்தார்கள். உடை மாற்றும் அறை மேலே. ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே படியிறங்கித்தான் களத்துக்கு வரவேண்டும். கையெட்டும் தூரத்தில் ஒரு ஆள் போனார், தோள் என் வீட்டுக் கதவு அகலம். தைல வாடை மூக்கில் ஏறியது. தோற்றால் அதே படியில் ஏறிப் போகவேண்டும், யோசித்துப் பாருங்கள்.

இங்கே யாரிடம் பேசினாலும் 1954 மே 5 வந்துவிடும். வெம்பிளியில் ஹாலிஃபாக்ஸும் வாரிங்டனும் 4-4 என்று சமனில் முடித்ததால் கோப்பை இறுதியை மறுபடி ஒட்சலில் ஆடினார்கள். கணக்கில் வந்தது 102,569 பேர். வேலி தாண்டி வந்தவர்கள் தனி. வாரிங்டன் 8-4 என்று ஜெயித்தது. எங்கள் தெருவில் எழுபதைத் தாண்டிய அத்தனை பேரும் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்ததாகச் சொல்வார்கள். எல்லாரையும் கூட்டினால் இரண்டு லட்சம் வரும்.

ஆனால் ஒன்று. இந்த ஊரில் பழைய மர ஸ்டாண்டுகளைப் பற்றி யாரும் ரொம்ப உருகமாட்டார்கள். 1985 மே 11, வேலி பரேட் கால்பந்து மைதானத்தில் மர ஸ்டாண்ட் தீப்பிடித்து 56 பேர் செத்தார்கள். பலகை இடுக்கு வழியாக வருஷக்கணக்காக விழுந்து சேர்ந்த குப்பையில் பிடித்த தீ. சில நிமிடத்தில் மொத்த ஸ்டாண்டும் போய்விட்டது. அப்புறம்தான் சட்டம் இறுகியது. பல ரக்பி லீக் மைதானங்களில் மர ஸ்டாண்டுகளைப் பூட்டினார்கள். சரிசெய்யச் செலவு எக்கச்சக்கம், சின்ன கிளப்புகளிடம் ஏது காசு? நிலத்தை விற்றார்கள். ஹாலிஃபாக்ஸின் த்ரம் ஹால் மைதானம் இன்று ஆஸ்டா சூப்பர்மார்க்கெட். ஸ்வின்டனின் ஸ்டேஷன் ரோடு மைதானம் இருந்த இடத்தில் வீடுகள். பேராசையால் விற்றார்கள் என்று நானும் முதலில் திட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வருஷமும் மே 11 அன்று ஊர் நடுவில் கூடி நிற்கிறவர்களைப் பார்த்த பிறகு அப்படிப் பேசுவதில்லை.

வென்டி பொண்ணு

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறீர்கள், நான் எதிர்க்கட்சி. சிட்னி, வென்ட்வொர்த்வில். பரமாட்டா ஈல்ஸ் ரசிகை.

சின்ன வயதில் அப்பா ஒரு பழைய மைதானத்துக்குக் கூட்டிப் போவார், பெயர் வேண்டாம். புல் மேடு, மாலை வெயில், எல்லாம் அழகுதான். அம்மாவும் நானும் பாத்ரூம் போனால் இடைவேளை முடிந்து பத்து நிமிடம் கழித்துத்தான் வரிசையிலிருந்து வெளியே வருவோம். பெண்களுக்கு மொத்தம் மூன்று கதவு, அதில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. நான் கதவைப் பிடித்துக்கொள்ள அம்மா, அம்மா பிடித்துக்கொள்ள நான். இரண்டாவது தடவையோடு அம்மா "நீங்களே போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். பழசு பழசு என்று ஏங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த வரிசையில் நின்றவர்கள் என்று ஒரு கணக்கு எடுக்கவேண்டும்.

இங்கே பழையதை இடித்ததே ரசிகர்கள்தான், தெரியுமா? 1981இல் ஈல்ஸ் முதல் தடவையாகக் கோப்பை ஜெயித்தார்கள், நியூடவுனை 20-11 என்று. அன்று இரவே கம்பர்லேண்ட் ஓவல் மைதானத்துக்குள் புகுந்து கொண்டாட்டத்தில் ஸ்டாண்டையே கொளுத்திவிட்டார்கள். அப்புறம் சொந்த மைதானம் இல்லாமல் சில வருஷம் பெல்மோரில் போய் ஆடவேண்டி வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா கராஜில் ஒரு கரிந்த பலகைத் துண்டு வைத்திருக்கிறார். யார் கொளுத்தினது என்று கேட்டால் மட்டும் காது கேட்காது. 1986இல் புது ஸ்டேடியம், எலிசபெத் ராணி வந்து திறந்தார். அந்த வருஷம் ஜெயித்ததுதான் கடைசிக் கோப்பை, அதற்கு மேல் கேட்காதீர்கள். 2017இல் அதையும் இடித்து, 2019இல் 30,000 பேருக்கு இன்னொன்று கட்டினார்கள்.

அதில் முதல் ஆட்டம் ஈஸ்டர் திங்கட்கிழமை. டிக்கெட் இருந்தது. முந்தின நாள்தான் இலங்கையில் தேவாலயங்களில் குண்டு. அம்மா மட்டக்களப்பு. வீட்டில் யாரும் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. அன்றைக்கு ஈல்ஸ் 51-6 என்று ஜெயித்தது எனக்கு வியாழக்கிழமைதான் தெரியும்.

சில வாரம் கழித்து, மேஸ் ஹில் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே அம்மாவையும் கூட்டிப் போனேன். முழங்கால் வலிக்காரர். லிஃப்டில் ஏறி, பத்தடி நடந்து, உட்கார்ந்தார். இருக்கைகள் செங்குத்தாக ஏறும், அதனால் மேலே இருந்தும் ஆளைப் பிடித்து வீழ்த்துகிற டேக்கிள் சத்தம் கேட்கும். முதல் மோதலுக்கே அம்மா "ஐயோ பிள்ளை!" என்றார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இருபது வருஷத்தில் அம்மா உள்ளே உட்கார்ந்து முழுசாகப் பார்த்த முதல் ஆட்டம். பாத்ரூம் போய்விட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வந்து அதைத்தான் முதலில் சொன்னார்.

விகன் அங்கிள், ஒரு சந்தேகம். அந்தப் போவ்ரில் கோப்பையைக் கடைசியில் என்ன செய்தீர்கள்?

வாரிங்டன்காரன்

சுருக்கமாக. எங்கள் மைதானம் 2003 வரை வில்டர்ஸ்பூல், 2004 முதல் ஹாலிவெல் ஜோன்ஸ். புதிது கட்டும்போதே நின்று பார்க்கிற டெரஸையும் வைத்துக் கட்டினார்கள். வில்டர்ஸ்பூலில் என்னோடு நின்ற ஆறு பேரில் நாலு பேர் இன்றைக்கும் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். மற்ற இருவரில் ஒருவருக்கு இடுப்பு எலும்பு மாற்று அறுவை, எதிரே இருக்கையில் உட்கார்ந்து கை ஆட்டுவார். புதுசு, பழசு என்பதில் ஒன்றும் இல்லை, கட்டுகிறவன் யாரிடமாவது கேட்டானா என்பதுதான் விஷயம்.

ஜெட்ஸ் ரசிகன்

வென்டி தங்கச்சி, 1981இல் தோற்ற நியூடவுன் எங்கள் அணி. பலகைத் தாத்தாவிடம் சொல்லிவைக்கவும்.

1908இல் சிட்னிப் போட்டி தொடங்கியபோதே இருந்த கிளப். 1983க்கு அப்புறம் காசில்லை என்று பெரிய போட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். இப்போது இரண்டாம் நிலைப் போட்டி. மைதானம் மேரிக்வில்லில் ஹென்சன் பார்க். ஒட்சல் அண்ணா, எங்களதும் பள்ளம்தான். செங்கலுக்கு மண் எடுத்துத் தண்ணீர் நின்ற குழியை மூடி 1933இல் திறந்தது. தலைக்கு மேல் விமானம் போகும், அணியின் பெயரே ஜெட்ஸ். நடுவர் விசில் ஊதினது கேட்காமல் ஆட்டம் நாலு அடி கூடுதலாக ஓடும்.

முதல் தடவை போனபோது இரண்டாம் பாதியில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: இன்றைய கூட்டம் 8,972. சுற்றிப் பார்த்தேன். குழந்தைகளையும் நாய்களையும் சேர்த்தாலும் அவ்வளவு தேறாது. பரவாயில்லை, அந்தப் பக்கம் நிறையப் பேர் இருப்பார்கள் போல என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மழை. ஸ்டாண்டில் ஒதுங்கி நின்றவர்களை ஒவ்வொருவராக எண்ணிவிடலாம். இன்றைய கூட்டம் 8,972. எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் புரிந்தது. எந்த ஆட்டமானாலும் அங்கே அதுதான் கணக்கு.

1999இல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டத்துக்கு 107,999 பேர் வந்தார்கள், ரக்பி லீக்கில் அதுதான் உச்சம். அதற்கும் போயிருக்கிறேன். ஆட்டக்காரர்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள், பெரிய திரையில்தான் பார்த்தேன். அதற்கு வீட்டு டிவி போதும். ஹென்சன் பார்க்கில் இடைவேளைக்கு என் மகன் களத்துக்குள் ஓடிப் பந்து உதைப்பான். போன மாதம் கோல் கம்பத்தில் மோதி நெற்றி வீங்கியது. எதிரணிக்காரர் ஒருவர்தான் ஐஸ் வைத்துவிட்டார்.

விகன் டாக்டர்

பிள்ளை, அந்தக் கதவு விஷயம் எனக்கு உறைத்தது. சென்ட்ரல் பார்க்குக்கு என் மனைவி ஒரே ஒரு தடவைதான் வந்தா. ஏன் பிறகு வரவில்லை என்று நான் கேட்டதில்லை. இன்று கேட்டேன். நீ எழுதினதையேதான் சொன்னா, தாழ்ப்பாள் உட்பட.

கோப்பையா? பாதி ஆட்டத்தில் ஆறிவிட்டது. நான் குடிக்கவில்லை என்பதை அவர் ஆரம்பத்திலேயே கவனித்திருக்கிறார் போல. ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டார். அடுத்த ஆட்டத்துக்குத் தேநீர் வாங்கி வைத்திருந்தார்.