சன்போர்டில் கட்டிய ஆர்சி விமானம்: ஏறிய அரை நிமிடத்தில் மோட்டார் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

காட்பாடிக்காரன்:
வணக்கம். அக்கா பையனுக்காக என்று ஆரம்பித்தது, இப்போது எனக்குத்தான் கிறுக்குப் பிடித்திருக்கிறது. சன்போர்டு என்கிற ஃபோம் அட்டையை வெட்டி, இறக்கை மேலே இருக்கும், ஓட்டிப் பழகுவதற்கான ரிமோட் விமானம் (ட்ரெயினர்) ஒன்று கட்டினோம். இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. பேட்டரியோடு சேர்த்து 1,100 கிராம். 2212 மோட்டார், 1000 கேவி. 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு), 3 செல் 2200 எம்ஏஹெச் 25சி லிப்போ பேட்டரி, 10 அங்குல 1045 ப்ராப் (முன்னால் சுற்றும் விசிறி), இறக்கை, வால் பலகைகளைத் திருப்ப நாலு சர்வோ.

கையால் எறிந்தால் ஜம்மென்று ஏறுகிறது. 30, 40 நொடியில் மோட்டார் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. சர்வோக்கள் மட்டும் கடைசிவரை சொன்னபடி கேட்கின்றன, அதனால் சறுக்கி இறக்கிவிட முடிகிறது. முதல் தடவை வற்றிய ஏரிக்குள் புல்லில் இறங்கியது. அடுத்த தடவை அக்கா ஊரில், இலவம்பாடிப் பக்கம், நேராக முள்ளு கத்திரிக்காய்த் தோட்டத்துக்குள் போய்விட்டது. அந்தச் செடியைத் தெரிந்தவர்களுக்கு என் கை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து நிமிடம் விட்டுப் பார்த்தால் மோட்டார் மறுபடி ஓடுகிறது. பேட்டரியில் செல்லுக்கு 3.95 வோல்ட் இருக்கிறது. எங்கே தப்பு?

குடியாத்தம் தம்பி:
இ.எஸ்.சி. போச்சுண்ணா. 40 ஆம்பியர் வாங்கிப் போடுங்க, சரியாயிடும்.

பாலாற்று மணல்:
காசைச் செலவழிக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். ப்ராப் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது? எழுத்து பொறித்த முகம் முன்னால் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினாலும் விமானம் ஒப்புக்குப் பறக்கும், ஆனால் முக்கிக்கொண்டே பறக்கும். பேட்டரி பழசா? பழைய லிப்போ சும்மா இருக்கும்போது நல்ல வோல்ட் காட்டும், சுமை ஏறியதும் படுத்துவிடும். செல்லுக்கு 3 வோல்ட் பக்கம் இறங்கியதும் இ.எஸ்.சி. மோட்டாரை அடக்கிவிடும்.

காட்பாடிக்காரன்:
எழுத்து முன்னால்தான் இருக்கிறது. பேட்டரி வாங்கி ஒரு மாதம், பத்துத் தடவைகூட சார்ஜ் போடவில்லை.

வாலாஜா:
தம்பி, சர்வோ கடைசிவரை கேட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பாதி பதில். சர்வோவுக்கும் ரிசீவருக்கும் 5 வோல்ட் கொடுக்கிற பி.இ.சி. அந்த இ.எஸ்.சி.க்குள்ளேதான் இருக்கிறது. அது உயிரோடு இருந்தது, சிக்னலும் வந்தது. மோட்டாருக்குப் போகிற கரண்டை மட்டும் இ.எஸ்.சி. வேண்டுமென்றே குறைத்திருக்கிறது. அது அப்படிச் செய்ய முக்கியமான காரணம் இரண்டு: வோல்ட் விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சூடு ஏறியிருக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். வோல்ட் விழுந்து அடங்கினால், ரிமோட்டில் வேகம் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலைக் கீழே இழுத்து மறுபடி கொடுத்ததும் மோட்டார் கொஞ்ச நேரமாவது ஓடும். சூட்டினால் அடங்கினால், ஆறுகிறவரை தலைகீழாக நின்றாலும் முழு வேகம் வராது. உங்களுக்குப் பத்து நிமிடம் ஆகிறது என்றால் எனக்குச் சூட்டின் மேல்தான் சந்தேகம். இ.எஸ்.சி. எங்கே இருக்கிறது? காலையில் பறக்கவிட்டீர்களா, வெயிலிலா?

காட்பாடிக்காரன்:
சார், காலை ஆறரைக்குப் பறந்தது 40 நொடி. சாயங்காலம் நாலு மணி வெயிலில் 25 நொடிகூட வரவில்லை. நம்ம ஊர் மே மாதம் உங்களுக்குத் தெரியாததா. இ.எஸ்.சி.யை உடம்புக்குள் ஹாட் க்ளூ வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றியிருந்தேன். நீங்கள் கேட்டதும் மூடியைப் பிரித்தேன். க்ளூ இளகி இ.எஸ்.சி. ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது!

வாலாஜா:
அதுவே தெர்மாமீட்டர். ஆனால் சூட்டுக்கு டேப் மட்டும் காரணமாக இருக்காது. 1000 கேவி மோட்டாரும் 1045 ப்ராப்பும் 3 செல்லில் 15 ஆம்பியர் சுற்றுவட்டத்தில்தான் இழுக்கும். 30 ஆம்பியர் இ.எஸ்.சி. அதற்குக் கொதிக்கக் கூடாது. எத்தனை ஆம்பியர் போகிறது என்று அளந்து சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
மச்சான் எலெக்ட்ரீஷியன், அவரிடம் க்ளாம்ப் மீட்டர் வாங்கினேன். 1000 கேவி என்றதும் மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார், கிலோவோல்ட் என்று நினைத்து. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு அது என்று புரியவைக்கவே அரை மணி நேரம். கடைசியில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது.

பாலாற்று மணல்:
ஹா ஹா. வீட்டு ஒயரிங்குக்கு வைத்திருக்கும் க்ளாம்ப் மீட்டர் பலவற்றில் ஏசி மட்டும்தான் அளக்க முடியும். பேட்டரியில் வருவது டிசி. பேட்டரிக்கும் இ.எஸ்.சி.க்கும் நடுவே மாட்டுகிற சின்ன வாட் மீட்டர் யாரிடமாவது இருக்கும், கேளுங்கள். அளக்கும்போது விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடிக்கட்டும். ப்ராப்புக்கு நேர் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது.

காட்பாடிக்காரன்:
தெருவில் ஒரு காலேஜ் பையனிடம் கிடைத்தது. முழு த்ராட்டிலில் 27 ஆம்பியர், 10.2 வோல்ட். பத்து நொடிக்கு மேல் ஓட்டப் பயமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

வாலாஜா:
கிட்டத்தட்ட 275 வாட். 50 கிராம் சொச்சம் எடையுள்ள மோட்டாருக்கு அது தாங்காது. எனக்கு இப்போது மோட்டார் மேல்தான் சந்தேகம். அதன் உடம்பில் பொடியாக அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் படியுங்கள். 2212-க்குப் பக்கத்தில் 13டி என்று இருக்கிறதா, 10டி என்று இருக்கிறதா?

காட்பாடிக்காரன்:
10டி. அதன் கீழே பாதி அழிந்த எழுத்தில் 1400 மாதிரி தெரிகிறது. ஆனால் பில்லில் 1000 என்றுதான் போட்டிருக்கிறார்கள் சார்.

வாலாஜா:
மாட்டிக்கொண்டது. 2212 என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் அளவு மட்டும்: 22 மி.மீ. விட்டம், 12 மி.மீ. உயரம். ஒரே சைஸில் எத்தனை சுற்றுக் கம்பி சுற்றியிருக்கிறார்கள் என்பதைத்தான் அந்த டி சொல்கிறது. 13 சுற்று 1000 கேவி, 10 சுற்று 1400, 6 சுற்று 2200. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடையில் டப்பா மாறியிருக்கும், எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கிறது.

ஒரே ப்ராப்பை 1.4 மடங்கு வேகத்தில் சுற்ற வேண்டுமென்றால் அது கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். 1.4-ஐ மூன்று தடவை பெருக்குங்கள், 2.7 மடங்கு. சுமையில் வேகம் கொஞ்சம் குறைவதால் அந்த அளவு போகவில்லை, 27 ஆம்பியரோடு நின்றது. தம்பி சொன்னபடி 40 ஆம்பியர் இ.எஸ்.சி. போட்டிருந்தால் அது தாங்கியிருக்கும், மோட்டார் கருகியிருக்கும்.

குடியாத்தம் தம்பி:
ஐயையோ. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணா. அரை த்ராட்டிலில் ஓட்டினா போதாதா?

வாலாஜா:
எறிந்து ஏற்றும்போது முழுசும் கொடுத்தே ஆக வேண்டும். அதோடு, கனமான ப்ராப்பை அரை த்ராட்டிலில் ஓட்டினாலும் இ.எஸ்.சி. வெட்டி வெட்டித்தான் கரண்ட் கொடுக்கும், அதுவும் சூடுதான். மோட்டாரை மாற்ற வேண்டாம், ப்ராப்பை மாற்றுங்கள். 1400-க்கு 3 செல்லில் 8040, அதாவது 8 அங்குல ப்ராப் சரியாக இருக்கும். இ.எஸ்.சி.யை மூக்குக்குப் பக்கத்தில் காற்றுப் படுகிற இடத்தில் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். முன்னால் ஓட்டை போட்டால் பின்னால் அதைவிடப் பெரிய ஓட்டை வேண்டும், காற்று வெளியே போனால்தானே உள்ளே வரும். பி.இ.சி.யும் சூட்டுக்குப் பங்கு கொடுக்கும். லீனியர் வகை என்றால் 12 வோல்ட்டை 5 ஆக்க மீதி 7 வோல்ட்டைச் சூடாகவே கழிக்கும், சர்வோக்கள் 1 ஆம்பியர் இழுத்தால் 7 வாட்.

இ.எஸ்.சி.யை இடம் மாற்றும்போது ஒயர் நீட்ட வேண்டி வந்தால் மோட்டார் பக்கத்து மூன்று ஒயரை நீட்டுங்கள். பேட்டரிப் பக்கம் கை வைக்காதீர்கள், அங்கே நீளம் கூடினால் வோல்ட் துள்ளி கெப்பாசிட்டர் போய்விடும். எல்லாம் முடிந்ததும் எடை மையத்தைத் திரும்பப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும்.

பாலாற்று மணல்:
இன்னொன்று. அப்துல்லாபுரம் விமான நிலையம் நமக்குப் பக்கம்தான். எங்கே பறக்கவிடலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஏரி எந்த நிறத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

காட்பாடிக்காரன்:
பார்த்துவிட்டுத்தான் போனேன். ஞாயிறு காலை 8040 போட்டேன். முதலில் தரையில் அளந்தேன்: 16 ஆம்பியர், 10.9 வோல்ட். மோட்டாரைச் சமையல் தராசின் மேல் நிறுத்தி இழுவையையும் பார்த்தேன், 780 கிராம். முன்னைப்போல ராக்கெட் ஏற்றம் இல்லை, சற்று நிதானமாக ஏறுகிறது, பையன் கற்றுக்கொள்ள அதுவே நல்லது. 7 நிமிடம் பறந்து, நானே போதும் என்று இறக்கினேன். தொட்டுப் பார்த்தால் இ.எஸ்.சி. வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சார்ஜர் 1150 எம்ஏஹெச் உள்ளே ஏற்றியது, சராசரி 10 ஆம்பியர்கூட இல்லை.

கடைக்குப் பில்லோடு போனேன். மோட்டாரை மாற்றித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம், இன்னொரு 8040 கொடுங்கள் என்று வாங்கி வந்துவிட்டேன். கத்திரித் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறதே.